கண் முன்னால் என்ன இருக்கிறது

புதிதாக வகுப்பு நடத்த வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன கூட்டத்தில் என்னை முன்னால் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்றேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அதற்கும் கை தட்டினீர்கள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வாய்தான் வரவில்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் படித்ததால் எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக் கூச்சப்படுகிறவள் புருசன் பெண்டாட்டி வகுப்பில் எப்படி வேலை பார்த்தாள் என்று நினைப்பீர்கள். பாய் விரிக்க வந்தவள்தான் நான். பொம்மைக் கம்பெனியில் பீங்கான் பொம்மைக்குக் கண்ணும் புருவமும் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கும். கல்யாணம் ஆகப்போகிறவர்கள், ஆனவர்கள், ஆகி அலுத்துப் போனவர்கள் எல்லாரும் வருவார்கள். வைக்கோலை ஒதுக்கி, பொம்மை கட்டி வைத்த பெட்டிகளை ஓரம் தள்ளி, பாயை விரித்து, டீ வாங்கி வந்து வைப்பேன். வகுப்பை ஆரம்பித்த டீச்சரம்மா ஒரு நாள், "ஏம்மா வாசல்லயே நிக்கிற, வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். முழங்கால் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வகுப்பு நடத்தும் முறையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். டீச்சரம்மா எனக்குச் சொல்லித் தந்ததில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், கதைக்கு அது வேண்டும். "யாரோட போனையும் திறந்து பாக்காத. அவங்களே நீட்டினாலும் பாக்காத" என்பார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. சரிங்க என்று தலையாட்டி வைத்தேன்.

சபியா என்று ஒரு பெண். அம்மா வீடு ஸ்ரீமுஷ்ணம், வாழ்க்கைப்பட்டது இங்கே. கல்யாணமான புதிதில் புருசன் ஜாபரோடு ஒரே ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்தாள். ரெண்டு பேரும் பாயின் ரெண்டு கோடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். லீவு முடிந்து அவர் சவூதிக்குப் போய்விட்டார். அவள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். வெளிநாட்டில் புருசன் இருக்கிற பெண்கள் வகுப்பில் நிறையப் பேர். போனில் என்ன பேசுவீர்கள் என்று டீச்சரம்மா கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, அனுப்பினது வந்துச்சு. அதோடு போன் அடுத்த கைக்குப் போய்விடும்.

அந்த வீடுகளின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, கூடத்தின் நடுவில் வைத்து, எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. அத்தனை தூரத்தில் கஷ்டப்படுகிறவன் குரலில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்கிற பாசம்தான். ஆனால் அதே வீட்டில் ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ஆளுக்கு ஒரு போன் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

டீச்சரம்மா அந்தப் பெண்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும். பணம் பேசக்கூடாது, குடும்ப நியாயம் பேசக்கூடாது. இப்போது உங்கள் கண் முன்னால் என்ன இருக்கிறது என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்க வேண்டும். அதைச் சொன்னால் போதும். பெண்கள் சிரித்தார்கள். "சுவரு இருக்குது, வேறென்னா இருக்கும்?" என்றாள் ஒருத்தி.

சபியா அதைச் செய்தாள். சில வாரங்கள் கழித்து நான் டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "பெரியம்மா, அவங்க இவ்ளோ பேசுவாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முகத்தைப் பார்த்து டீயை வெளியே ஊற்றிவிட்டேன். கல்யாணமாகி நாலு நாள் பழகி, கடல் தாண்டிப் போய்விட்ட ஒருத்தர் வெறும் பேச்சிலேயே வந்து சேர்ந்துகொண்டிருந்தார். இப்படியும் நடக்குமா என்று எனக்கு ஆச்சரியம். எங்கே உட்கார்ந்து பேசுகிறாய் என்று டீச்சரம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு. டீச்சரம்மா நம்ம மாவட்டத்து மங்களூர் பக்கம் புது வகுப்பு ஆரம்பிக்கப் போயிருந்தார். நான் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் யாரும் வரவில்லை. வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். முதலில் ஜாபரின் அண்ணன் காதர், பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் அவர் அம்மா, பீவியம்மா. கடைசியாக சபியா, கையில் துணிப்பையோடு. அழுது முடித்த முகம்.

"ஏம்மா, தனியா போயி பேசுன்னு பாடம் சொல்லிக் குடுத்தது நீங்கதான?" என்றார் காதர்.

"ஆமாங்க. அவங்க வூட்டுக்காரர்கிட்ட."

"வூட்டுக்காரன்கிட்ட பேசியிருந்தா நான் ஏன் இங்க வரேன்? இவள ஸ்ரீமுஷ்ணத்துல கொண்டுபோயி விடப்போறோம். போற வழியில உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். இனிமே எந்த வூட்டுப் பொண்ணுக்கும் இந்தப் பாடம் வேணாம்."

சபியா தினமும் மஃரிப், அதாவது சூரியன் இறங்கியதும் தொழுகிற தொழுகை, முடிந்ததும் மாடிக்குப் போயிருக்கிறாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பேசுகிறாள், சிரிக்கிறாள் என்று எதிர்வீட்டில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். காதர் சவூதிக்குப் போன் போட்டு, "மஃரிப்புக்கு அப்புறம் நீ உன் பொண்டாட்டிகிட்ட பேசுறியா?" என்று தம்பியைக் கேட்டிருக்கிறார்.

"பேசினதே இல்லண்ணேன்னு சொல்லிட்டான். அவன் வாயால சொன்னான்மா. அப்ப மாடியில பேசினவன் யாரு?"

"அவங்ககிட்டதான் பேசினேன்" என்றாள் சபியா.

"அப்ப என் தம்பி பொய் சொல்றானா?"

புருசன் பொய் சொல்கிறார் என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. "நேத்துலேர்ந்து நான் போட்டா எடுக்க மாட்டேங்கறாங்க பெரியம்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அவள் ஒன்று சொல்கிறாள், புருசனே வேறு சொல்கிறார். யாரை நம்புவது?

காதர் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "நீங்க பொம்பளதான, நீங்களே பாருங்க. எத்தினி மணிக்கு யாருகிட்ட பேசினான்னு எல்லாம் அதுல இருக்கும். என் தம்பி பேருன்னா நான் இப்படியே திரும்பிக் கடைக்குப் போறேன்."

நியாயமான பேச்சுதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. போன் சூடாக இருந்தது, இத்தனை நேரம் அவள் இறுக்கிப் பிடித்திருந்த சூடு. திறந்து பார்த்தால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும். அப்போது சபியா சொன்னாள்:

"பெரியம்மா, அதுல அவங்க பேசி அனுப்பினதெல்லாம் இருக்குது. எனக்கு மட்டும்னு சொன்னது. அத யாரும் கேக்க வேணாம். நான் ஸ்ரீமுஷ்ணமே போயிடுறேன்."

பிள்ளைகளே, இதை எழுதும்போதும் எனக்குக் கை நிற்கிறது. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அந்தப் போன். அதைத் திறக்கவிட்டால் அவள் நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். அவளைச் சந்தேகப்பட்டு, போனைக்கூட எடுக்காத புருசன் எப்போதோ ஆசையாகச் சொன்ன நாலு வார்த்தையை மூடிவைப்பதற்காக இவள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இத்தனூண்டு பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது? நாங்கள் சொல்லித்தரவில்லை. எங்களுக்கே தெரியாது.

டீச்சரம்மா சொன்னது அப்போது விளங்கியது. இன்றைக்குப் போனைத் திறந்து நல்லவள் என்று காட்டினால், நாளைக்கும் காட்ட வேண்டும். அதற்கப்புறம் ஒரு வார்த்தைகூட அவர்களுக்கென்று இருக்காது. காதர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போனை சபியாவின் கையிலேயே திரும்ப வைத்தேன்.

"பாத்தியாம்மா? இவங்களும் சேந்து மறைக்கிறாங்க!" காதர் கோபம் ஏறி அம்மா பக்கம் திரும்பினார். "வகுப்பாம் வகுப்பு. புருசன்கிட்ட பேசறதுக்கு ஒரு வகுப்பு! அடுத்தது சோத்த மென்னு முழுங்கறதுக்கு ஒண்ணு வைப்பாங்க. நம்ம அத்தாவும் நீயும் எந்த வகுப்புக்குப் போனீங்க? ஏ பொண்ணு, கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

சபியா திரும்பினாள். ஏதாவது சொல்லி அவளை நிறுத்த வேண்டும். எனக்கு நியாயம் பேச வராது. வகுப்பில் வாராவாரம் கேட்கிற கேள்வி ஒன்றுதான் வாயில் இருந்தது. பாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சபியா, கடைசியா பேசினப்ப அவர் கண்ணு முன்னால என்ன இருக்குதுன்னு சொன்னாரு?"

அவள் யோசித்தாள். இதைச் சொல்லலாமா, இது அவர்களுடையதா என்று உள்ளே எடைபோட்டதை நான் பார்த்தேன். அப்புறம் சொன்னாள்.

"வெயிலுன்னு சொன்னாங்க. அஸர் தொழுதுட்டு டீ வாங்கிட்டு வெளிய நிக்கிறேன், கண்ணு கூசுதுன்னாங்க. டீயில ஈ விழுந்துடுச்சாம். உனக்கு என்னா தெரியுதுன்னு கேட்டாங்க. கிளியெல்லாம் கோபுரத்துக்குப் போயி அடைஞ்சிடுச்சுன்னேன். இங்க கிளி கெடையாது, ஒட்டகம் வேணா ஒண்ணு புடிச்சி அனுப்பவா, மாடியில கட்டிக்கிறியான்னாங்க." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்குத்தான் சிரிச்சேன்."

"கேட்டுக்குங்க" என்றார் காதர். "அஸர்னா வெயில் நேரத்துத் தொழுகை. இவ மாடிக்குப் போறது மஃரிப் முடிஞ்சி இருட்டறப்போ. பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல."

பீவியம்மா அதுவரைக்கும் ஒரு பொம்மைப் பெட்டி மேல் உட்கார்ந்து, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே இருந்தார். மணி உருள்வது நின்றது.

"காதரு. எந்த மஃரிப்டா?"

"என்னாம்மா?"

"தம்பிகிட்ட மஃரிப்புக்கு அப்புறம்னு கேட்டியே. நம்ம மஃரிப்பச் சொன்னியா, அவன் ஊரு மஃரிப்பச் சொன்னியா?"

காதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்க இருட்டறப்ப அங்க வெயிலுடா" என்றார் பீவியம்மா. "உங்க அத்தா அங்க இருந்த காலம் பூரா ரெண்டு ஊரு நேரத்தையும் மனசுல வச்சிக்கிட்டுதான் நான் சோறு வடிச்சேன். நான் இங்க மஃரிப் தொழுது எழுந்திரிப்பேன், அவரு அங்க அஸர் முடிச்சி டீ குடிப்பாரு. நீ நம்ம பொழுத வச்சிக் கேட்ட. அவன் அவன் பொழுத வச்சி இல்லேன்னான். நடுவுல இந்தப் பொண்ணு பையோட நிக்கிது."

காதர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பொம்மை சுடுகிற சூளையின் புகைபோக்கிப் பக்கம் நின்று தம்பியோடு போனில் பேசுவது தெரிந்தது. முதலில் கை ஆட்டிப் பேசினார். அப்புறம் கை இறங்கியது. திரும்பி வரும்போது முகம் வேறு முகமாக இருந்தது.

"அழுவறான்" என்றார்.

பழக்கதோசம், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயின் நடுவில் வைத்துவிட்டார். "சபியா…" என்று ஜாபரின் குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது.

"அத அமத்து" என்றார் பீவியம்மா.

"மன்னிப்பு கேக்கறான்மா."

"அத நம்மகிட்டயா கேக்கறான்? அமத்துடா."

காதர் குனிந்து எடுத்தார். சபியா பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "எப்பவும் பேசற நேரத்துக்கே பேசச் சொல்லுங்க. நான் எடுக்கறேன்."

அந்த இடத்தில் நான் இருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

காதர் கெட்டவர் இல்லை. தம்பி குடும்பம் என்று பதறினவர்தான். ஆனாலும் ஆம்பளைக்குத் தோற்றுப்போய் அப்படியே நிற்க முடியாதே. "கட்டினவன்கிட்ட பேசறதுக்கு மாடி எதுக்கும்மா? வூட்டுல எடமா இல்ல?" என்றார்.

"எங்கடா வச்சோம் எடம்?" என்றார் பீவியம்மா.

அதற்கப்புறம் அவர் சொன்னது யாரிடம் சொன்னது என்று எனக்குத் தெரியாது. சபியாவைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை.

"அப்பல்லாம் போனு ஏது? உங்க அத்தா கேசட்டுல பேசி அனுப்புவாரு, யாராச்சும் ஊருக்கு வரவங்ககிட்ட. கூடத்துல டேப்ப வச்சி எல்லாரும் உக்காந்து கேப்போம். மாமனாரு, மாமியாரு, கொழுந்தனுங்க, பக்கத்து வூடு. எல்லாருக்கும் பேரு சொல்லிச் சொல்லிப் பேசுவாரு. எம்பேரு வராது. எப்புடி வரும், அத்தினி பேரு முன்னால? கடைசியில சலாம் சொல்றதுக்கு முன்ன கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. டேப்பு மட்டும் ஓடும். கேசட்டு கெட்டுப்போச்சுன்னு உன் சித்தப்பா தட்டுவான். ஒவ்வொரு கேசட்டுலயும் அந்த எடம் இருக்கும்." மணியை ஒருமுறை உருட்டினார். "அது எனக்கு. எனக்குத் தெரியும். அவரு ஒரு நாளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. மவுத்தாயிப் போயி சேந்துட்டாரு."

காதர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பிறந்ததிலிருந்து பார்க்கிற அம்மாவை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்த்தேன். கேசட்டில் ஒன்றும் பதியாத இடத்திலிருந்து ஒரு ஆயுசுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட ஒருத்தி, பீங்கான் பொம்மைப் பெட்டி மேல் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

வகுப்புக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காதர் சபியாவின் பையைத் தானே எடுத்துக்கொண்டார். மூவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

டீச்சரம்மா வந்ததும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார், டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அதற்கப்புறம் வீட்டுப்பாடம் கொடுக்கும் முன் இன்னொரு கேள்வி சேர்த்தோம்: எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள்? அதை யார் பார்ப்பார்கள்? இன்றைக்கு உங்கள் பயிற்சியில் அந்தக் கேள்வி இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தனியாகப் பேசுங்கள் என்று சொல்வது சுலபம். அந்தத் தனிமைக்கு ஒரு வீட்டில் யாராவது காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், சபியா வகுப்பில் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கதவு திறந்திருந்தது. கூடத்தை ஒட்டி மாடிப்படி. கீழ்ப்படியில் பீவியம்மா முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காதர் கடையிலிருந்து வந்து, "கொஞ்சம் நகரும்மா, மாடியில சட்டை காயிது" என்றார்.

"காயட்டும்."

"வெளிய போணும்மா."

"இருக்கற சட்டையோட போ."

அவர் என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மேலே சபியா சிரிக்கிற சத்தம் கேட்டது. பீவியம்மா என்னை வா என்று சொல்லவில்லை. விரலை உதட்டில் வைத்தார். நான் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன்.